முதலில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்: வளவு வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் வரும் நோய்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டு வளவுக்குள் இரண்டு பாத்தி சின்ன வெங்காயம், நாலு உரப்பையில் உள்ளி, அதாவது வெள்ளைப்பூடு. வெங்காயம் நட்டு 35 நாள். கார்த்திகை மழை விட்ட கையோடு தாள் முறுகத் தொடங்கி, இப்போது மஞ்சளாகிச் சாய்கிறது. சிலது தொட்டவுடன் கழன்று கையோடு வருகிறது. உள்ளிக்கு நுனி காய்கிறது. பக்கத்து வளவுக்காரர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார், அதை அடிக்கலாமா?

இன்றைக்கு அடிக்க வேண்டாம். முறுகுவது, மஞ்சளாவது, அழுகுவது மூன்றும் ஒரே வருத்தமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே பாத்தியில் இரண்டு நோயும் ஒரு பூச்சியும் சேர்ந்து குடியிருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு அடிக்கிற மருந்து மற்றதைத் திரும்பியும் பார்க்காது.

நாளைக் காலை, வெயில் ஏற முன், பாத்தியில் மூன்று பயிரைப் பிடுங்குங்கள். மோசமாக இருக்கிற ஒன்று, இப்போதுதான் முறுகத் தொடங்கின ஒன்று, நல்லதாகத் தெரிகிற ஒன்று. இழுத்துப் பிடுங்காமல் ஒரு கரண்டியால் மண்ணோடு கிண்டி எடுத்து, வேரைக் கழுவி, ஒரு வெள்ளைக் கோப்பையில் வையுங்கள். பிறகு கத்தியால் தலையிலிருந்து அடிவரை நேராகப் பிளந்து பாருங்கள். வேர் புறப்படுகிற அந்தத் தட்டையான அடி வெள்ளையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். அது மண்ணிறமாகி, வேர்கள் நூல் போல உதிர்ந்து, அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ பூத்திருந்தால் அது அடியழுகல். பியூசேரியம் என்கிற மண் பங்கசு, அதாவது பூஞ்சணம், செய்கிற வேலை. கழன்று கையோடு வருகிறது என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது மூக்கு. பியூசேரியம் அழுகல் தொடக்கத்தில் அவ்வளவாக மணக்காது, பார்க்கவும் கொஞ்சம் உலர்ந்த அழுகலாக இருக்கும். அமத்தினால் சளி மாதிரிப் பிதுங்கி, குடலைப் புரட்டுகிற மணம் வந்தால் அது பற்றீரியா அழுகல். அதற்குப் பங்கசுநாசினி அடிப்பது தண்ணீர் அடிப்பதற்குச் சமம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மண் மட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு நூல், அதற்குள் கடுகு மணி போல மண்ணிற உருண்டைகள். அது ஸ்கிளரோசியம். அந்தக் கடுகுகள்தான் அதன் விதை மாதிரி. மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் பயிரை மட்டும் எடுக்காதீர்கள், சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கையகலத்துக்கு அள்ளி எடுத்து விடுங்கள்.

இனித் தாளுக்கு வருவோம். உங்கள் முறுகலைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாரியில் வெங்காயம் வைக்கிற எல்லோருக்கும் அதுதான் முதல் எதிரி. தாள் சுருள் வில் மாதிரித் திருகி, கழுத்து வழக்கத்தைவிட நீண்டு, பயிர் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சரிந்து நின்றால் அது திருகல் நோய். கொலட்டோட்ரைக்கம் என்கிற பங்கசு. மிளகாய்ப் பழத்தையும் மாம்பழத்தையும் கறுப்பாக்குகிற கூட்டத்தைச் சேர்ந்ததுதான். தாளில் வெளிறிய, உள்ளே அமிழ்ந்த நீள்வட்டப் புள்ளி இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிக்குள் ஊசி முனை அளவு கறுப்புக் குற்றுகள் வளையம் வளையமாக இருக்கும். ஈரத்தில் அவற்றிலிருந்து இளஞ்சிவப்புப் பசை கசியும். அந்தப் பசை முழுக்க வித்திகள். மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது பக்கத்துத் தாளுக்குப் போகின்றன. காற்றில் நெடுந்தூரம் பறக்கிற நோய் அல்ல இது. தெறித்துப் பரவுகிற நோய். ஆகவே பூவாளியால் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றுகிறவர் தன் கையாலேயே நோயைப் பாத்தி முழுக்க விதைக்கிறார்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. முறுகின தாள் ஒன்றைக் கழுவி, ஈரமாக்கிய பேப்பர் துண்டோடு பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். இளஞ்சிவப்புப் பசை வந்தால் திருகல். கறுப்பும் ஊதாவும் கலந்து தூள் மாதிரிப் பூத்தால் ஊதாப் புள்ளி நோய், அதாவது ஒல்ட்டனேரியா. ஒன்றும் வராமல் தாள் அழுகாமல் கிடந்தால் முறுகலுக்குக் காரணம் பூச்சியாக இருக்கலாம். செலவில்லாத சோதனை. பெட்டியைப் பிறகு கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள், வீட்டில் ஏச்சு வாங்காதீர்கள்.

ஊதாப் புள்ளி மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான் எங்களுக்கு அதிகம். மழை நின்றாலும் விடியப் பனி தாளில் நெடுநேரம் நிற்கும் காலம் அது. சிறு வெள்ளைப் புள்ளியாகத் தொடங்கி, நடுவில் ஊதாவாகி, சுற்றி மஞ்சள் விளிம்பு கட்டி, கடைசியில் அந்த இடத்தில் தாள் முறிந்து தொங்கும். முதலில் முதிர்ந்த தாளில்தான் வரும். இதற்கு வழி திறந்து விடுகிறது பெரும்பாலும் இலைப்பேன். எங்கள் பக்கம் பனிப்பூச்சி என்றும் சொல்வோம். அது தாளைச் சுரண்டி உறிஞ்சுவதால் வெள்ளிக் கீறல் மாதிரிக் கோடுகள் விழும், அந்தக் காயத்தால் பங்கசு சுலபமாக உள்ளே போகும். பயிரை ஒரு வெள்ளைப் பேப்பரின் மேல் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மஞ்சளாக, ஊர்கிற கோடு போல விழுகிறதா? அதுதான். நடுக்குருத்துத் தாள்கள் பிரிகிற இடுக்கிலும் ஒளிந்திருக்கும். மழைக் காலத்தில் அடிபட்டு விழுந்துவிடும், மழை விட்டு வெயில் காய்ந்தால் பெருகும்.

தாளில் வெள்ளை யன்னல் மாதிரித் தெரிந்து உள்ளே பச்சை எச்சம் கிடந்தால் அது நோயே இல்லை, புழு. தாளைக் கிழித்தால் உள்ளேயே இருப்பார். இரண்டு பாத்திக்கு மருந்து தேவையில்லை, விடியவும் பொழுதுபடவும் கையால் பொறுக்கினால் போதும். தாளில் பஞ்சு ஒட்டின மாதிரி முட்டைக் கூட்டம் கண்டால் அந்தத் துண்டைக் கிள்ளி நசித்து விடுங்கள்.

இன்னொன்று, இதை நோய் என்று நினைத்து மருந்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் ஏராளம். பாத்தி முழுக்க, எல்லாப் பயிரிலும், ஒரே அளவில் நுனி மட்டும் காய்ந்திருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கடலோரப் பக்கம் கிணறு சவர்க்கிற இடங்களில் கோடையில் இது சாதாரணம். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். மண் ஈரத்தின் உப்பைக் காட்டுகிற மின்கடத்து திறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். நோய் எப்போதும் ஒரு மூலையில், ஒரு திட்டாகத் தொடங்கி விரியும். அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

சரி, இது எங்கிருந்து வந்தது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம். இரண்டு இடம். ஒன்று விதை வெங்காயம், மற்றது தேங்கின தண்ணீர்.

திருகலும் அடியழுகலும் விதை வெங்காயத்தோடு வீட்டுக்குள் வருகின்றன. நானே பட்டு அறிந்தது. 2008 கார்த்திகையில் நிஷாப் புயல் கொட்டின மழையில் எங்கள் விதை வெங்காயம் கூரை ஒழுக்கில் நனைந்து போனது. மறுநடுகைக்குச் சந்தையில் ஒருவரிடம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். மேலே இருந்ததெல்லாம் நல்ல இறுக்கம். சாக்கின் அடியில் கையை விட்டபோது சிலது கழுத்து மெத்தென்று இருந்தது. அதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை நட்டேன். 25 நாளில் அரைவாசிப் பாத்தி திருகிக் கிடந்தது. ஒரு சாக்கில் நாலு காய் மெத்தென்றால் அந்தச் சாக்கையே விதைக்கு எடுக்கக் கூடாது, கறிக்கு எடுக்கலாம். அதைப் படிக்க எனக்கு ஒரு போகம் செலவானது.

விதைக் காய் வாங்கும்போது பெருவிரலால் இரண்டு இடத்தை அமத்திப் பாருங்கள்: கழுத்து, அடி. இரண்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். தோலை உரித்தால் கறுப்புத் தூள் இருக்கக் கூடாது. பிடுங்கி இரண்டு இரண்டரை மாதமாவது கிடந்த காயாக இருக்க வேண்டும். வேதாளன் ஆனாலும் வேறு எந்த இனம் ஆனாலும் இது பொருந்தும். உண்மை விதையில் நாற்றுப் போட்டு நடுகிற வழக்கம் இப்போது எங்கள் பக்கம் பரவி வருகிறது. காயோடு வருகிற அழுகலை அது பெருமளவு தவிர்க்கும், ஆனால் நாற்றைப் பார்க்கப் பொறுமையும் கூடுதல் நாளும் வேண்டும். இரண்டு பாத்திக்காரருக்கு நல்ல காய் தேடுவதே சுலபம்.

நடுவதற்கு முதல் நாள் காயைக் காய்ந்த வெளித்தோல் நீக்கி, பிரித்து, பங்கசுநாசினிக் கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும். அளவு பக்கெற்றில் இருக்கிறபடி. இரசாயனம் வேண்டாம் என்றால் ட்ரைக்கோடெர்மா என்கிற நல்ல பங்கசின் தூளைத் தண்ணீரில் குழைத்துப் புரட்டலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், பங்கசுநாசினி ட்ரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். மருந்தில் ஊறின காய் மிஞ்சினால் கறிக்குப் போகக் கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். மிஞ்சின காய் குசினிக் கூடைக்குள் போய்ச் சேர்வதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது காரணம் உங்கள் பாத்தி. யாழ்ப்பாணத்துப் பாத்தி கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுவதற்கென்று வகுத்தது: வரம்பு உயரம், பயிர் பள்ளம். கோடையில் அதைவிடச் சிறந்தது இல்லை. மாரியில் அதே பாத்தி குளமாகிவிடும். செம்பாட்டு மண்ணில் தண்ணீர் கெதியில் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டு வளவில் நடந்து நடந்து இறுகின மண் தோட்ட மண் போல் குடிக்காது. மாரியில் வைக்கிறதென்றால் மேட்டுப் பாத்தி, ஒரு சாண் உயரம், சுற்றி வடிகால், பயிருக்குப் பயிர் 10 சென்ரிமீற்றர். இருக்கிற பாத்திக்கு இப்போதே செய்யக்கூடியது, ஒரு பக்க வரம்பை வெட்டித் தண்ணீரை வெளியே விடுவது. இதை இன்று பின்னேரமே செய்யுங்கள். மருந்தைவிட இது முந்திக்கொள்ளும்.

யூரியா போட்டீர்களா? பாத்தி மஞ்சளாகத் தெரிந்ததும் ஒரு பிடி யூரியாவை எறிவது எங்கள் ஆட்களுக்குக் கைப்பழக்கம். அடி அழுகின பயிரால் அதை எடுக்க முடியாது, நல்ல பயிரோ தாள் மெத்தென்று வளர்ந்து நோய்க்கு வாய் திறக்கும், காயும் வைத்து எடுக்க நிற்காது. உங்கள் கோண்டாவிலும் அடங்குகிற வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருக்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போட்ட பசளையில் ஒரு பங்கு சுண்ணாம்புக் கல் வழியே கிணற்றுக்கு இறங்கி, அடுத்த இறைப்பில் திரும்பிப் பாத்திக்கே வருகிறது. நீங்கள் அறியாமலே நைதரசன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் மேலதிக யூரியா வேண்டவே வேண்டாம்.

இப்போது மருந்து. பிளந்து பார்த்து அடியழுகல் என்று தெரிந்த பயிரைக் காப்பாற்ற மருந்து இல்லை. பிடுங்கி எரியுங்கள், அல்லது தோட்டத்துக்கு எட்டத்தில் ஆழமாகத் தாழ்த்துங்கள். எருக் குழிக்குள் போடாதீர்கள், வீட்டு எருக் குழி அதைக் கொல்கிற அளவுக்குச் சூடாவதில்லை. திருகலும் ஊதாப் புள்ளியும் என்றால், முறுகினதை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள நல்ல தாளைக் காக்க மன்கோசெப் போன்ற ஒன்றை அடிக்கலாம். அது காக்கிற மருந்துதான், தாளுக்குள் புகுந்துவிட்ட நோயைத் துரத்தாது. வீட்டிலேயே செய்ய விரும்பினால் போர்டோக் கலவை: ஒரு லீற்றர் தண்ணீருக்குத் துருசு (செப்புச் சல்பேற்று) 10 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராம். இரண்டையும் வெவ்வேறு பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, துருசுக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதாது. கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும், இளந்தாளில் முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பது நல்லது.

எதை அடித்தாலும் ஒரு சங்கதி. வெங்காயத் தாளில் மெழுகு இருக்கிறது. வெறும் கரைசலை அடித்தால் சேம்பிலையில் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு கீழே போய்விடும். மருந்து கேட்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் மண்ணுக்குத்தான் அடித்திருக்கிறார்கள். லீற்றருக்குக் கால் தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் சேர்த்தால் படலமாகப் பரவும். போர்டோவுக்கு மட்டும் சவர்க்காரம் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும். அடித்த தாளை வறைக்கு ஆய்கிறதென்றால் பக்கெற்றில் உள்ள காத்திருப்பு நாள் கழிய வேண்டும். அப்புறம், தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். எங்கள் கல்லில் வெடிப்பு அதிகம், ஊற்றுகிறது நேரே கிணற்றுக்குள்தான் போகும்.

பனிப்பூச்சிக்கு வேப்பங்கொட்டை போதும். காய்ந்த பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறப்போட்டு, துணியில் வடித்து, சவர்க்காரம் சேர்த்துப் பின்னேரம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் அதன் சக்தி போய்விடும். ஆடி மாதம் வேப்பமரத்தடியில் கொட்டிக் கிடக்கிறபோது பொறுக்கி நிழலில் காயவைத்து எடுத்தால் வருடம் முழுக்கக் காணும்.

35 நாள் பயிர் என்றீர்கள். சின்ன வெங்காயம் 60 முதல் 75 நாளில் முற்றும். பாத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் என் யோசனை: மல்லுக்கட்டாதீர்கள். நல்லதாக நிற்பதைப் பத்து நாள் விட்டு, தாளோடு பிடுங்கிக் கறிக்கு எடுங்கள். சின்னக் காயும் பச்சைத் தாளும் தேங்காய்ப்பூவோடு வறுத்தால் நட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு மூலை மட்டும் என்றால் காப்பாற்றலாம். அப்படி நின்று முற்றினால், பிடுங்க ஏழு முதல் பத்து நாளுக்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள், ஈர மண்ணில் பிடுங்காதீர்கள், தாளை வெட்டாமல் பிடி பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். சீமெந்துத் தரையில் குவித்தால், பொலித்தீன் பையில் கட்டினால் கறுப்புப் பூஞ்சணம் வரும். வெளித்தோலில் மட்டும் கறுப்புத் தூள் என்றால் உரித்துக் கழுவிச் சமைக்கலாம், விதைக்கு மட்டும் வேண்டாம்.

உள்ளிக்கு வருகிறேன். இதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தரப்போகிறேன். இணையத்தில் உள்ளி நோய் என்று தேடினால் வெள்ளையழுகல், துரு நோய், சாம்பல் பூஞ்சணம் என்று பக்கம் பக்கமாக வரும். அவை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர் எழுதியவை, அவர்களின் மண்ணுக்கும் குளிருக்கும் சரி. யாழ்ப்பாண வெப்பத்தில் அவை உங்கள் உரப்பைக்கு வந்து சேர்வது அருமை. எங்கள் உள்ளியின் முதல் பிரச்சினை நோயே அல்ல, ஊர்தான். உள்ளி பூடு கட்ட முதலில் சில கிழமை நல்ல குளிர் வேண்டும், பிறகு நீண்ட பகல் வேண்டும். இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. இலங்கையில் உள்ளியை நுவரெலியா, வெலிமடைப் பக்கம் வைத்தார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. உங்கள் பையில் தாள் வரும், கிடைத்தால் ஒற்றைப் பல் பூடு வரும். முழுப் பூட்டை எதிர்பார்த்துப் பசளையும் மருந்தும் போடுவது வீண்.

நுனி காய்வதற்குக் காரணம் அநேகமாகப் பைக்குள் தேங்கின ஈரம். பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் செம்பாட்டு மண்ணை மட்டும் நிரப்பியிருந்தால் அடைத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு உக்கின எருவும் வேண்டும். தாளில் நீளமாக மஞ்சள் கோடு கோடாக இருந்தால் வைரசு. கடை உள்ளி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது, பல்லிலிருந்தே பயிராவதால் வைரசைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருகிறது. அதற்கு மருந்தே கிடையாது, ஆனால் தாளைத் தாராளமாகச் சாப்பிடலாம். தாள் விரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு வந்தால் பல்லில் ஒட்டி வந்த சிற்றுண்ணி. நட்ட பல் முளைக்காமல் பச்சையும் நீலமுமாய்ப் பூசணம் பிடித்தால் அது நடும்போது காயம் பட்ட பல். பல்லைப் பிரிக்கும்போது அடித்தட்டைச் சிதைக்காமல், அன்றைக்கே நட்டுவிட்டால் அநேகமாக வராது.

கடைசியாக, அந்த இரண்டு பாத்தியில் வெங்காயமும் உள்ளியும் மூன்று நாலு வருடத்துக்கு வேண்டாம். பியூசேரியம் அவ்வளவு காலம் மண்ணில் காத்திருக்கும். கடுகு மணி கண்ட பாத்தி என்றால் மிளகாய், தக்காளி, கச்சான் எதுவும் வேண்டாம், அவையும் அதற்குச் சாப்பாடு. சோளம் போடலாம். அல்லாவிட்டால் தையில் பசுந்தாட் பசளைக்கான சணல் விதைத்து, பூக்க முன் வெட்டி மண்ணுக்குள் தாழ்த்துங்கள். தோட்டக்காரர் பூவரசங் குழையும் வேப்பங் குழையும் தாழ்த்தினது போலத்தான். சித்திரை வெயிலில் பாத்தியை ஈரமாக்கி, கண்ணாடி போன்ற வெளிர் பொலித்தீனால் இறுக்கி மூடி, விளிம்பை மண்ணால் அணைத்து ஆறு கிழமை விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், அது அவ்வளவு சூடேற்றாது. அதுவரைக்கும் வெங்காயம் வேண்டுமென்றால், கிணற்றுக்கு மற்றப் பக்கம், தண்ணீர் இந்தப் பாத்தியிலிருந்து ஓடி வராத இடமாகப் பார்த்து, மழை ஓய்ந்த பிறகு மேட்டுப் பாத்தி போடுங்கள். மண்வெட்டியைக் கழுவிவிட்டு அங்கே கொண்டுபோங்கள்.